பெயர், வகை, நிலை: மென்பொருள் பொத்தான்கள் தவறும் இடங்கள்

முன்பதிவு ஒன்றைக் கைவிட நினைக்கும் பயனரின் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. "முன்பதிவை ரத்துசெய்ய விரும்புகிறீர்களா?" என்று அது கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: "ரத்துசெய்", "சரி". முதல் பொத்தானை அழுத்தினால் முன்பதிவு ரத்தாகுமா, அல்லது ரத்துசெய்யும் எண்ணம் ரத்தாகிப் பெட்டி மூடிக்கொள்ளுமா? இரண்டு விதமாகவும் பொருள்கொள்ளலாம், எதுவும் பிழையில்லை. இந்தப் பெட்டியை உருவாக்கிய நிரலாளர் பெரும்பாலும் கேள்வியை மட்டுமே எழுதியிருப்பார். பொத்தான்களின் பெயர்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வார்ப்புருவிலிருந்து தாமாகவே வந்து உட்கார்ந்திருக்கும்.

பொத்தான் என்பது இடைமுகத்தின் மிகச் சிறிய உறுப்பு. ஆனாலும் அதைப் பற்றிய வழிகாட்டுதல்களைத் தேடிச் செல்பவர் 4.5, 3, 24, 44, 48 என்று எண்களின் குவியலில் மாட்டிக்கொள்கிறார். மாற்றுத்திறனாளிகளாலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், இந்த எண்களில் எது கட்டாயம், எது பரிந்துரை என்ற கேள்வி இப்போது மென்பொருள் குழுக்களில் அடிக்கடி எழுகிறது. எண்களுக்குப் போவதற்கு முன்னால் பொத்தான் என்பது எது என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரும்பாலான தவறுகள் பொத்தானை ஒரு படமாக மட்டும் பார்ப்பதிலிருந்தே பிறக்கின்றன.

பொத்தானும் இணைப்பும்

பொத்தான் ஒரு செயலைத் தொடங்கி வைக்கும். இணைப்பு வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லும். சேமிப்பது, அனுப்புவது, நீக்குவது, பட்டியலை விரிப்பது எல்லாம் பொத்தானின் வேலை. இன்னொரு பக்கத்துக்குச் செல்வது இணைப்பின் வேலை. இரண்டையும் ஒரே வண்ணப் பெட்டியாக வரைந்துவிட முடியும் என்பதால் இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் என்று தோன்றலாம். விசைப்பலகையை மட்டும் கொண்டு இயங்குபவருக்கு அப்படியில்லை. பொத்தானை என்டர் விசையும் இயக்கும், ஸ்பேஸ் விசையும் இயக்கும். இணைப்பை என்டர் மட்டுமே இயக்கும். பொத்தான் வேடமிட்ட இணைப்பின் மேல் நின்று ஒருவர் ஸ்பேஸை அழுத்தினால் எதுவும் திறக்காது, பக்கம்தான் கீழே உருளும். இணைப்பைப் புதிய தாவலில் திறக்கலாம், முகவரியை நகலெடுக்கலாம். பொத்தானிடம் இவை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரை வாசிப்பானும் ஒன்றை "இணைப்பு" என்றும் மற்றதை "பொத்தான்" என்றும் சொல்லும். அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான், அழுத்தினால் இருக்குமிடத்திலேயே இருப்போமா, வேறிடம் போய்விடுவோமா என்று பார்வையற்ற பயனர் ஊகிக்கிறார்.

ஆகவே எந்தப் பொத்தானுக்கும் மூன்று தகவல்கள் இருந்தாக வேண்டும். அதன் பெயர் என்ன. அது எந்த வகை உறுப்பு. இப்போது எந்த நிலையில் இருக்கிறது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகள் என்று, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் ஆவணத்தில் 4.1.2 என்ற விதி இதையே கேட்கிறது. அந்த ஆவணம் தன் விதிகளை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது. 4.1.2 அதில் அடிப்படைப் படியான ஏ-யில் இருக்கிறது. பொத்தான் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று இந்த விதி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 'பட்டன்' என்ற டேகைப் பயன்படுத்தினால் இவற்றில் பெரும்பகுதியை உலாவியே பார்த்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் பெட்டியான 'டிவ்' டேகுக்கு வண்ணம் பூசிப் பொத்தானாக்கும் குழு, பின்வருவனவற்றைத் தானே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்:

1. டேப் விசையால் அதை வந்தடைய முடியாது. அதற்கென ஒரு பண்பைத் தனியே சேர்க்க வேண்டும்.

2. என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யாது. இரண்டுக்கும் நிரல் எழுத வேண்டும். அதிலும் என்டர் அழுத்தும்போதும், ஸ்பேஸ் விரலை எடுக்கும்போதும் இயங்குவதே உலாவிகளின் வழக்கம். ஸ்பேஸால் பக்கம் உருள்வதையும் தடுக்க வேண்டும்.

3. திரை வாசிப்பான் எழுத்தை மட்டும் படிக்கும், இது பொத்தான் என்று சொல்லாது. ஏரியா (ARIA) எனப்படும் அணுகல் பண்புகளின் வழியே வகையை அறிவிக்க வேண்டும்.

4. முடக்கப்பட்ட நிலை என்று ஒன்று அதற்குக் கிடையாது. சாம்பல் வண்ணம் பூசினாலும் அழுத்தினால் இயங்கும்.

இவ்வளவையும் பிழையின்றி எழுதி முடித்தபின் கையில் கிடைப்பது, முதலிலேயே இலவசமாகக் கிடைத்த பொத்தான்தான். உலாவி தரும் இயல்புத் தோற்றம் அழகாக இல்லை என்பது முன்பு சொல்லப்பட்ட காரணம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் நாலைந்து வரி அதைக் களைந்துவிடும் என்பதால் அந்தக் காரணம் இனி செல்லாது.

'பட்டன்' டேகிலும் ஒரு பொறி உண்டு. படிவத்துக்குள் வைக்கப்படும் பொத்தானுக்கு அதன் வகைப் பண்பைக் குறிப்பிடாவிட்டால், உலாவி அதைப் படிவத்தைச் சமர்ப்பிக்கும் பொத்தானாகவே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் ஐகானை அழுத்தியதும் கடவுச்சொல் தெரிவதற்குப் பதிலாகப் பாதி நிரப்பிய படிவம் போய்ச் சேர்ந்துவிடும் கோளாறுக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பெயர் வைப்பது

பொத்தானின் பெயர் எவ்வளவு எளிதாகத் தவறிவிடும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா கணினியை உருவாக்கியபோது, உறுதிப்படுத்தும் பொத்தானில் "செய்" என்ற பொருளில் 'டூ இட்' (Do It) என்று எழுதியிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் அந்த இரு சொற்களையும் ஒரே சொல்லாகச் சேர்த்து, ஆங்கிலத்தில் மடையன் என்ற பொருள் தரும் 'டோல்ட்' (dolt) என்று படித்தார்கள். கணினி தன்னை ஏன் திட்டுகிறது என்று ஒருவர் எரிச்சலடைந்ததை, அப்போது மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவுசெய்திருக்கிறார். அதன் பிறகே அந்தப் பொத்தானின் பெயர் 'ஓகே' ஆனது.

'ஓகே' யாரையும் புண்படுத்தாது. ஆனால் எதையும் சொல்லாது என்பதே அதன் குறை. அதன் தமிழ் வடிவமான "சரி", கேள்வியைப் படித்தவருக்கு மட்டுமே பொருள் தரும். பலர் கேள்வியைப் படிப்பதில்லை; நேரே பொத்தானைத்தான் பார்க்கிறார்கள். திரை வாசிப்பான் பயன்படுத்துபவர் டேப் விசையால் பொத்தானுக்குப் பொத்தான் தாவும்போது கேள்வி காதில் விழாமலும் போகலாம். ஆகவே பொத்தான் தன் செயலைத் தானே முழுமையாகச் சொல்ல வேண்டும். மேலே கண்ட பெட்டியில் "முன்பதிவை ரத்துசெய்", "முன்பதிவை வைத்திரு" என்று எழுதியிருந்தால் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

தமிழ் இடைமுகங்களில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே மென்பொருளில் ஒரு பக்கத்தில் "சேமி", இன்னொன்றில் "சேமிக்க", மற்றொன்றில் "சேமிக்கவும்", வேறோரிடத்தில் "சேமித்தல்" என்று நான்கு வடிவங்களையும் காண முடிகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் வேலை செய்ததன் தடம் அது. "சேமி" என்ற ஏவல் மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது என்று தயங்குபவர்களும் உண்டு. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் தயக்கம் தீர்ந்துவிடும். பொத்தானில் இருப்பது பயனர் கணினிக்கு இடும் கட்டளை. கணினிக்கு மரியாதை தேவையில்லை, "சேமி" போதும். படிவத்தின் மேலே "உங்கள் பெயரை உள்ளிடவும்" என்று இருப்பது மென்பொருள் பயனரிடம் கேட்பது. அங்கே "உள்ளிடு" என்று எழுதினால்தான் தவறு. பொத்தானுக்கு ஏவல், அறிவுறுத்தலுக்கு "-வும்" என்ற இந்த ஒரு வரையறையை எழுதிவைத்துவிட்டால் நான்கு வடிவக் குழப்பத்தில் பெரும்பகுதி ஒரே நாளில் அடங்கிவிடும்.

சொல் தேர்விலும் இதே கட்டுப்பாடு வேண்டும். "நீக்கு", "அகற்று", "அழி" மூன்றும் அகராதியில் நெருங்கிய சொற்கள். இடைமுகத்திலோ கோப்பு நிரந்தரமாகப் போய்விடுவதும், பட்டியலிலிருந்து மட்டும் விலகுவதும் வெவ்வேறு விளைவுகள். முன்னதற்கு "அழி", பின்னதற்கு "அகற்று" என்று ஒரு குழு முடிவு செய்தால், அந்த மென்பொருள் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் உறுப்புகள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே விதமாக அடையாளம் காட்டப்பட வேண்டும் என்று அணுகல் வழிகாட்டுநெறிகளின் 3.2.4 விதி இரட்டை ஏ படியில் கேட்கிறது. சீர்மையை வடிவமைப்பாளரின் ரசனை சார்ந்த விஷயமாகவும் அணுகல்தன்மையைச் சட்டம் சார்ந்த விஷயமாகவும் பிரித்துப் பேசுபவர்கள் இந்த விதியைப் பார்க்க வேண்டும். இரண்டும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

எழுத்தில்லாமல் ஐகான் மட்டும் உள்ள பொத்தானுக்கும் பெயர் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் நிரலில் இருக்கும். அங்கே அடிக்கடி நேரும் தவறுகள் மூன்று:

1. பெயரே வைக்காமல் விடுவது. திரை வாசிப்பான் "பொத்தான்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும்.

2. படத்தைப் பெயராக்குவது. குப்பைத்தொட்டி ஐகானுக்கு "குப்பைத்தொட்டி" என்று பெயர் வைப்பது படத்தின் விளக்கம், செயலின் பெயர் அன்று. "கடிதத்தை அழி" என்பதே தேவையான பெயர்.

3. கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றாகவும் நிரலில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பது. "தேடு" என்று தெரியும் பொத்தானுக்கு உள்ளே "பொருள்களைக் கண்டறி" என்று பெயரிட்டிருந்தால், குரல் கட்டளையால் கணினியை இயக்குபவர் "தேடு" என்று எத்தனை முறை சொன்னாலும் அது அசையாமல் போகலாம். உள்ளே உள்ள பெயரில் வெளியே தெரியும் சொல் இடம்பெற வேண்டும் என்பது 2.5.3 விதி.

நிலை: தெரிவதும் ஒலிப்பதும்

இயல்பு நிலை, சுட்டி மேலே நிற்கும் நிலை, அழுத்தப்படும் நிலை, விசைப்பலகைக் குவியம் பெற்ற நிலை, முடங்கிய நிலை, வேலை நடந்துகொண்டிருக்கும் நிலை என ஒரு பொத்தானுக்குக் குறைந்தது ஆறு நிலைகளை வரையறுக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் சுட்டி மேலே நிற்கும் நிலைக்கு வடிவமைப்பாளர்கள் செலவிடும் உழைப்பு வியப்பூட்டும். தொடுதிரையில் அந்த நிலையே கிடையாது.

குவியம் பெற்ற நிலையோ இதற்கு நேர்மாறாகப் புறக்கணிக்கப்படுகிறது. டேப் விசையை அழுத்திச் செல்லும்போது தற்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வளையம் அது. சுட்டியால் அழுத்தினாலும் அந்த வளையம் தோன்றியதால், பார்க்க நன்றாக இல்லை என்று பல தளங்கள் சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரியில் அதை நீக்கிவிட்டன. விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது சுட்டியின் அம்புக்குறியையே மறைத்துவிடுவதற்குச் சமம். இன்று 'ஃபோகஸ்-விசிபிள்' என்ற சிஎஸ்எஸ் தேர்வி எல்லா முக்கிய உலாவிகளிலும் இருக்கிறது. சுட்டியால் அழுத்தும்போது வளையத்தை மறைத்து, விசைப்பலகையால் வரும்போது மட்டும் காட்ட அது உதவுகிறது. வளையத்தை நீக்கியாக வேண்டிய கட்டாயம் இனி யாருக்கும் இல்லை.

முடங்கிய பொத்தான் இன்னும் சிக்கலானது. படிவத்தின் எல்லாப் பெட்டிகளும் சரியாக நிரம்பும் வரை "அனுப்பு" பொத்தானைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைப்பது பரவலான பழக்கம். எந்தப் பெட்டியில் பிழை என்று பொத்தான் சொல்வதில்லை; அழுத்தவும் முடியாது. ஹெச்டிஎம்எல்லின் முடக்கப் பண்பைச் சேர்த்தால் டேப் விசையும் அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால், படிவத்துக்கு "அனுப்பு" என்று ஒரு பொத்தான் இருப்பதையே திரை வாசிப்பான் பயனர் அறியாமல் போகலாம். பொத்தானை எப்போதும் திறந்தே வைத்து, அழுத்தியதும் எது விடுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவதே பெரும்பாலான படிவங்களுக்குப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. முடக்கியே ஆக வேண்டுமென்றால், குவியம் பெறக்கூடியதாகவும் "முடக்கப்பட்டது" என்று அறிவிக்கக்கூடியதாகவும் விடும் ஏரியா பண்பு ஒன்று இருக்கிறது. காரணத்தையும் அருகிலேயே எழுதிவிடலாம்.

ஆன், ஆஃப் என மாறும் பொத்தான்களில் வேறொரு முரண் எட்டிப் பார்க்கும். "ஒலியை அடக்கு" என்ற பொத்தானை அழுத்தியதும் அதன் பெயர் "ஒலியை எழுப்பு" என்று மாறுகிறது. கூடவே 'அழுத்தப்பட்டது' என்ற நிலையும் சேர்கிறது. "ஒலியை எழுப்பு, அழுத்தப்பட்டது" என்று திரை வாசிப்பான் சொன்னால், ஒலி இருக்கிறதா இல்லையா? பெயரை மாற்றலாம், அல்லது நிலையை மாற்றலாம். இரண்டையும் சேர்த்து மாற்றக் கூடாது.

நிறமும் மாறுபாட்டு விகிதமும்

4.5 என்ற எண் இங்கே வருகிறது. இரண்டு நிறங்களின் ஒளிர்வைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுடனும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் கிடைப்பது மாறுபாட்டு விகிதம். ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1:1. வெள்ளையின் மேல் கறுப்பு என்றால் 21:1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்பது இரட்டை ஏ படியின் தேவை. பெரிய எழுத்து என்பது 18 பாயின்ட்டும் அதற்கு மேலும், தடித்த எழுத்தானால் 14 பாயின்ட்டும் அதற்கு மேலும். பொத்தான்களில் உள்ள எழுத்து பெரும்பாலும் இந்த அளவை எட்டுவதில்லை, ஆகவே 4.5 என்றே வைத்துக்கொள்ளலாம்.

எல்லைக் கோட்டைப் பார்க்க ஓர் எளிய இணை போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 4.54:1 தருகிறது, தேறிவிடுகிறது. ஒரே ஒரு படி வெளுத்த #777777 தருவது 4.48:1, தோல்வி. கண்ணால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால்தான் கருவியால் அளக்க வேண்டியிருக்கிறது.

பிராண்டு நிறங்களே பெரிய தலைவலி. சிஎஸ்எஸ்ஸில் அடர் ஆரஞ்சு எனப் பெயரிடப்பட்ட #FF8C00 நிறப் பொத்தானில் வெள்ளை எழுத்து 2.33:1 மட்டுமே பெறுகிறது. அதே பொத்தானில் கறுப்பு எழுத்து 9:1. பளிச்சென்ற நிறத்தில் வெள்ளை எழுத்தே எடுப்பாக இருக்கும் என்று கண் சாதிக்கும். கணக்கு அதை ஏற்பதில்லை. "அழி" பொத்தானுக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் தூய சிவப்பில் வெள்ளை எழுத்துக்குக் கிடைப்பதும் 4:1-க்குச் சற்றுக் குறைவுதான். சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் தேறிவிடும்.

எழுத்தைத் தவிர்த்த மற்றவற்றுக்கு, அதாவது ஐகானுக்கும் குவிய வளையத்துக்கும், 3:1 போதும். பொத்தானைச் சுற்றிக் கட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி சொல்வதில்லை. ஆனால் கட்டமே இல்லாவிட்டால் எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. 2013-இல் வெளியான ஐஓஎஸ் 7 பொத்தான்களின் கட்டங்களை எடுத்துவிட்டு நிற எழுத்தாக மட்டும் விட்டது. அடுத்த ஆண்டு வந்த 7.1 பதிப்பில், பொத்தான்களுக்கு வடிவம் சேர்க்கும் விருப்பத்தேர்வை அணுகல் அமைப்புகளுக்குள் ஆப்பிள் வைக்க வேண்டியதாயிற்று.

நிறத்தை மட்டுமே நம்பிப் பொருள் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறை இருக்கிறது. பச்சை "ஏற்றுக்கொள்", சிவப்பு "நிராகரி" என்று இரண்டு வட்டப் பொத்தான்களை எழுத்தின்றி வைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். தூய சிவப்புக்கும் #008000 என்ற பச்சைக்கும் இடையே ஒளிர்வு அளவிலான விகிதம் ஏறத்தாழ 1.3:1 மட்டுமே. சாயல் வேறுபாடு கண்ணுக்கு எட்டாதவருக்கு, வெளிச்ச வேறுபாடும் இங்கே கைகொடுக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லோ தெளிவாக வேறுபட்ட ஐகானோ இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

விண்டோஸில் உயர் மாறுபாட்டுப் பயன்முறையை இயக்குபவர்களின் திரையில் பொத்தானின் பின்னணி நிறத்தை இயங்குதளமே மாற்றிவிடும். பின்னணி நிறத்தால் மட்டும் வடிவம் பெற்ற பொத்தான் அங்கே கட்டமற்ற எழுத்தாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளியூடுருவும் விளிம்பு ஒன்றை முன்கூட்டியே கொடுத்து வைத்தால், அந்தப் பயன்முறையில் அது தானாகவே நிறம் பெற்றுத் தெரியும். ஒரு வரி வேலைதான்.

24, 44, 48: எது சரி?

மூன்றும் சரி, மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. 24 என்பது அணுகல் வழிகாட்டுநெறிகளின், 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பின் இரட்டை ஏ படியில் உள்ள குறைந்தபட்ச அளவு, சிஎஸ்எஸ் பிக்சலில். 44 என்பது அதே ஆவணத்தின் மூன்று ஏ படியில் இருப்பது. ஆப்பிள் தன் வழிகாட்டுதலில் சொல்வதும் 44 பாயின்ட். 48 என்பது ஆண்ட்ராய்டுக்காக கூகுள் பரிந்துரைப்பது, டிபி என்ற அலகில். பெயர் வேறானாலும் கைபேசித் திரையில் இந்த மூன்று அலகுகளும் கிட்டத்தட்ட ஒன்றே. 44 பாயின்ட் ஐஃபோன் திரையில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரும்.

24-க்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். பொத்தான் 24 பிக்சலுக்குச் சிறியதாக இருந்தாலும், அதன் நடுவை மையமாக வைத்து 24 பிக்சல் விட்டமுள்ள வட்டம் வரைந்தால் அது வேறு பொத்தானின் மேலோ, வேறொரு சிறு பொத்தானின் வட்டத்தின் மேலோ படாதிருந்தால் ஏற்கத்தக்கது. அதாவது விதி அளவோடு இடைவெளியையும் சேர்த்தே பார்க்கிறது. நெருக்கமாக அடுக்கிய சிறு ஐகான்களே அதன் உண்மையான இலக்கு.

இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் அதைத் தொட எடுக்கும் நேரம் குறையும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே சமன்பாடாகச் சொல்லிவிட்டார். கை நடுங்குபவருக்கும், ஓடும் வண்டியில் நின்றபடி ஒரு கையால் கைபேசியைப் பிடித்திருப்பவருக்கும் இது ஒரே மாதிரி பொருந்தும். ஐகானையே பெரிதாக வரைய வேண்டும் என்பதில்லை. 20 பிக்சல் ஐகானைச் சுற்றி நாலாபுறமும் 12 பிக்சல் உள்வெளி கொடுத்தால் தொடக்கூடிய பரப்பு 44 ஆகிவிடும். பார்வைக்கு எதுவும் மாறாது.

தவறான பொத்தானில் விரல் பட்டுவிட்டால் தப்பிக்கவும் வழி வேண்டும். விரலை வைத்த கணத்தில் இயங்காமல், எடுக்கும்போது இயங்கினால், வெளியே நகர்த்தி எடுத்துத் தப்பிவிடலாம். உலாவியின் இயல்புப் பொத்தான் அப்படித்தான் நடந்துகொள்கிறது. வேகத்துக்காக இதை மாற்றியெழுதுபவர்கள் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள்.

இடமும் வரிசையும்

உறுதிப்படுத்தும் பொத்தான் இடப்பக்கமா, வலப்பக்கமா என்ற வழக்கு பல ஆண்டுகளாக நடக்கிறது. விண்டோஸில் 'ஓகே' முதலிலும் கைவிடும் பொத்தான் அதன் வலப்புறமும் வரும். மேக்கில் முதன்மைச் செயல் வலது ஓரத்தில் இருக்கும், கைவிடுவது அதற்கு இடப்புறம். இயங்குதளத்துக்கென எழுதும் செயலி அந்தந்தத் தளத்தின் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும். உலாவியில் ஓடும் மென்பொருளுக்குப் பொது வழக்கம் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எங்கும் மாறாமல் வைத்திருப்பதே முக்கியம். ஒரு பக்கத்தில் வலப்புறம் "சேமி"யும் அடுத்த பக்கத்தில் அதே இடத்தில் "அழி"யும் இருந்தால், கைப்பழக்கமே பயனரைக் கவிழ்த்துவிடும்.

தோற்றத்தின் படிநிலைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. முதன்மைப் பொத்தான், துணைப் பொத்தான், அழிவுச் செயலுக்கான பொத்தான், எழுத்து மட்டும் உள்ள பொத்தான் என்று நான்கு வகைகள் பெரும்பாலான மென்பொருள்களுக்குப் போதும். ஒரு திரையில் முதன்மைப் பொத்தான் ஒன்றுக்கு மேல் இருந்தால் எதுவும் முதன்மையாக இருக்காது. பல ஆண்டுகளாக வளர்ந்த மென்பொருளில் உள்ள பொத்தான்களையெல்லாம் படமெடுத்து ஒரே தாளில் ஒட்டிப் பார்த்தால், மூன்று விதமான மூலை வளைவுகளும், நெருங்கியும் ஒன்றாகாத நீலங்களும், மூன்று உயரங்களும் வெளிப்படுவது சாதாரணம். நிறத்தையும் அளவையும் ஒரே இடத்தில் பெயரிட்டு வைத்து, பொத்தானை ஒரே கூறாக எழுதி, எல்லாப் பக்கங்களும் அதையே அழைக்கும்படி செய்தால் இது குறையும். குவிய வளையத்தை ஒருமுறை சரிசெய்தால் எல்லாப் பக்கங்களிலும் சரியாகிவிடும் என்பது அந்த ஏற்பாட்டின் பெரிய ஆதாயம்.

கூறு சரியாக இருந்தாலும் தமிழ் எழுத்து அதற்குள் அடங்காமல் போவதுண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் பூட்டிய பொத்தானில் "பதிவிறக்கு" என்பது "பதிவிற…" என்று நிற்கும். மேல்விலங்கின் வளைவு மேலே வெட்டுப்படும். "அனுப்பு" என்ற சொல்லில் 'பு'வின் கால் கீழே அறுபடும். நிலையான உயரத்துக்குப் பதிலாகக் குறைந்தபட்ச உயரத்தைக் கொடுத்து, வரி உயரத்தைத் தாராளமாக விட்டு, சொல் நீண்டால் இரண்டாம் வரிக்கு மடங்க அனுமதித்தால் போதும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் சிதையக் கூடாது என்ற விதிக்கும் இதே ஏற்பாடுதான் விடை.

சட்டம் எதைப் பார்க்கிறது, சோதனை எதைக் காட்டும்

ஐரோப்பியச் சட்டம் எண்களை நேரடியாகச் சொல்வதில்லை. அதன் நடைமுறைக்குத் துணையாகக் கொள்ளப்படும் இஎன் 301 549 தரநிலையின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு, அணுகல் வழிகாட்டுநெறிகளின் 2.1 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பெயர், வகை, நிலை, 4.5:1, 3:1, குவிய வளையம் ஆகிய எல்லாம் அதற்குள் வருகின்றன. 24 பிக்சல் அதற்குப் பின் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது. சட்டத்துக்குத் தேவையில்லை என்று அதை ஒத்திவைப்பவர்கள், அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எல்லாப் பொத்தான்களையும் தொட வேண்டியிருக்கும்.

தானியங்கிக் கருவிகள் பெயரற்ற பொத்தானையும் குறைந்த மாறுபாட்டையும் சில விநாடிகளில் பிடித்துவிடும். "சரி" என்ற பெயர் அந்தக் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று அவற்றால் சொல்ல முடியாது. அதற்குக் கையால் செய்யும் சோதனைகள் தேவை:

1. சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் ஒரு முழு வேலையை முடித்துப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளலாம்.

2. எழுத்தை இரட்டிப்பாக்கி, பின்பு திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும்.

3. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானை இயக்கி, உலாவியில் பக்கத்தைத் திறந்து, இன்சர்ட் விசையுடன் எஃப்7 அழுத்தினால் வரும் பட்டியலில் பொத்தான்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றியுள்ள படம், தலைப்பு, கேள்வி எதுவுமின்றி, பொத்தான்களின் பெயர்கள் மட்டும் மேலிருந்து கீழாக வரும். "மேலும்", "மேலும்", "மேலும்", "சரி", பெயரற்ற ஒன்று, "ரத்துசெய்" என்று அந்தப் பட்டியல் இருந்தால், பார்வையற்ற பயனருக்கு அந்தப் பக்கம் கொடுப்பதும் அவ்வளவுதான்.